தோட்டத்துக்குப் பொருத்து வீடு கொண்டு போகலாமா?

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மஸ்கெலியாவுக்கு மேலே அவருடைய தோட்டத்தில், டித்வா புயல் மழையோடு லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து பன்னிரண்டு குடும்பங்கள் வெளியே வந்துவிட்டன. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் காசு சேர்த்திருக்கிறார்கள். கல்வீடு என்றால் ஆறு மாதம் என்கிறார் மேசன் பாஸ். ஒரு கம்பனியோ, 20 அடிக் கொள்கலன் அளவில் தரை, வயரிங், கழிப்பறை எல்லாம் பூட்டி முடித்த வீட்டை ஏழு நாளில் இறக்கித் தருவதாகச் சொல்கிறது. "கரண்ட் மிச்சம், வெயிலுக்குச் சூடாகாது, பனிக்குக் குளிராது என்கிறார்கள். நம்பலாமா ஐயா?" இதுதான் கேள்வி.

தம்பி, ஏழு நாளை நம்பலாம். அது பட்டறை வாசல் வரைக்கும் உள்ள கணக்கு. அதற்குப் பிறகு வீடு களனிப் பாலம் தாண்டி, அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன் என்று ஏறி, மஸ்கெலியா பஸாரைக் கடந்து, தோட்டத்து ரோட்டில் திரும்பி, தேயிலைத் தொழிற்சாலை நிற்கும் ஸ்டோரடிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த நூற்றுச் சொச்சம் கிலோமீற்றரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஸ்டோரடியில் லொறி நின்ற பிறகு வீட்டுக் காணி வரைக்கும் ஏறும் கடைசி முந்நூறு மீற்றர் இருக்கிறதே, எந்த மாதிரி வீடு உங்களுக்குச் சரி என்பதை அதுதான் தீர்மானிக்கும். கம்பனிக்காரர் படம் காட்டும்போது அதைப் பற்றிப் பேசியிருக்கமாட்டார். நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. வத்தளைப் பக்கம் பொருத்து வீடுகளும் வேலைத்தள அலுவலகங்களும் செய்யும் பட்டறைகளில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். பல வருடம் முன்னம் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் பிள்ளைக்காம்பரா (வேலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் இடம்) வைப்பதற்காக 20 அடி அறை ஒன்றை ஏற்றிப் போனோம். 20 அடி என்றால் அகலம் 8 அடி, உயரம் எட்டரை அடி. வெறும் இரும்புப் பெட்டியே 2 தொன்னுக்கு மேல். உள்ளே தரையும் சுவரும் கழிப்பறையும் வைத்தபிறகு நாலு தொன்னை எட்டிவிட்டது. ஸ்டோர் வரைக்கும் எப்படியோ போயிற்று. அதற்கு மேலே ஒரு மதகு, மதகு முடிந்ததும் கொண்டை ஊசி மாதிரி ஒரு வளைவு. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மற்றப் பக்கம் கான். கிரேன் தன் கால்களை ஊன்ற இடமே இல்லை. சாரதி இறங்கி நின்று பார்த்தார், வெற்றிலையைத் துப்பினார், "சேர், இது ஏறாது" என்றார்.

மூன்று கிழமை அந்த அறை ஸ்டோரடியிலேயே கிடந்தது. பொடியன்கள் அதற்குள் கேரம் விளையாடினார்கள், கோழிகள் முட்டை இட்டன. கடைசியில் கிரைண்டரால் ரிவெட்டுகளை அறுத்து, சுவர்களைத் தனித்தனியாகக் கழற்றி, எட்டுப் பேர் ஒரே காலையில் மேலே சுமந்துவிட்டார்கள். வத்தளையில் பத்து நாளாகப் பூட்டியதை அங்கே கழற்றி மறுபடி பூட்டினோம். ஒருமுறை அறுத்த மூட்டு பிறகு ஒழுங்காக மூடவே இல்லை. முதல் மழைக்கே மூலையால் ஒழுகியது. எங்கள் ஆட்களில் ஒருவராவது முன்கூட்டிப் போய்ப் பாதையைப் பார்த்திருந்தால் இது நடந்திராது. நான் உட்பட ஒருவரும் போகவில்லை.

பொருத்து வீட்டில் இரண்டு சாதி உண்டு. ஒன்று அறை அறையாகப் பட்டறையிலேயே முடித்து வருவது. மற்றது சுவர், கூரை, சட்டம் எல்லாவற்றையும் தட்டையாகக் கட்டி அனுப்பி, அங்கே பூட்டுவது. முதல் சாதியில் நீங்கள் லொறிக்குக் கொடுக்கும் காசில் முக்கால்வாசி, அறைக்குள் இருக்கும் காற்றைச் சுமப்பதற்கு. நல்ல ரோடும் கிரேனும் உள்ள இடத்தில் அது பரவாயில்லை. வேலை சுத்தமாக இருக்கும், மழை பார்க்கத் தேவையில்லை. தோட்டத்துக்கு இரண்டாவது சாதிதான். இரண்டு தகட்டுக்கு நடுவில் போம் வைத்த பலகை மாதிரித் துண்டுதான் பெனல். 2 அங்குலப் பெனல் ஒரு சதுர மீற்றர் ஒன்பது, பத்து கிலோ. மூன்றேகால் அடி அகலம், 8 அடி உயரமான ஒரு துண்டு 25 கிலோவுக்குள் அடங்கும். உங்கள் தோட்டத்தில் ஒரு நாள் கொழுந்தே பதினெட்டு, இருபது கிலோ என்று நிறுக்கிறார்கள். இரண்டு பேருக்கு ஒரு பெனல் பெரிய சுமை இல்லை.

இதையே கல்வீட்டோடு வைத்துப் பாருங்கள். 400 சதுர அடி வீட்டுக்கு உள்சுவரோடு சேர்த்து சுவர் ஏறத்தாழ 95 சதுர மீற்றர் வரும். சீமெந்துக் கல் அடுக்கி இரண்டு பக்கமும் பூசினால் சுவர் மட்டும் 20 தொன் அளவு. பெனல் சுவர் 1 தொன். பன்னிரண்டு வீட்டுக்கு அந்தக் கல்லையும் மணலையும் முந்நூறு மீற்றர் தலையில் சுமக்கப் போகிறவர்கள் யார் என்று யோசித்தால், பொருத்து வீட்டின் உண்மையான லாபம் எங்கே இருக்கிறது என்று விளங்கும். பாஸ் சொன்ன ஆறு மாதத்தில் பெரும்பகுதி சுமையிலும் மழையிலும்தான் போகும்.

கை சுமக்கும் அளவுக்கு வீட்டை நறுக்குவது புதிய யோசனை அல்ல. அகதிகளுக்காகச் செய்த பெட்டர் ஷெல்டர் என்ற வீடு இரண்டு பெட்டிக்குள் தட்டையாக வரும்; நாலு பேர் ஒரே நாளில் எழுப்பிவிடலாம். ஆனால் அது சில வருடத்துக்கான கூடாரத்தின் அண்ணன் மாதிரி, குடியிருக்கும் வீடு அல்ல. நம் ஊரிலேயே ஏக்கலையில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் கொண்டுவந்த நேர்ட் சிலாப் இருக்கிறது. வேறிடத்தில் வார்த்த தீராந்திகளை வாங்கி வந்து அடுக்கி, மேலே மெல்லிய சிலாப் போடுவார்கள். வெள்ளவத்தை, தெஹிவளையில் எத்தனையோ மேல்மாடிகள் அப்படிப் போட்டவை. அவற்றை யாரும் பொருத்து வீடு என்று ஏளனமாகப் பார்ப்பதில்லை. ஏன், லயத்துக் கூரையில் உள்ள நெளிதகரமே 1829-இல் லண்டனில் ஹென்றி பாமர் காப்புரிமை எடுத்த சாமான். தோட்டத்து ஸ்டோர்கள் பலவற்றின் இரும்புச் சட்டம் கப்பலில் துண்டு துண்டாக வந்து மலையேறியது. துரைமார் கட்டடங்களைத் துண்டாக்கித்தான் கொண்டு போனார்கள். நாங்கள் இன்றைக்கு முழுசாகக் கொண்டு போகப் பார்க்கிறோம்.

சரி, சூடும் குளிரும். பெனலின் நடுவில் இருப்பது ரெஜிபோம். டீவி வாங்கினால் பெட்டிக்குள் வருகிற அதே வெள்ளைச் சாமான், கொஞ்சம் அடர்த்தி கூட. இரண்டு பக்கமும் அரை மில்லிமீற்றர் தகடு. வெப்பத்தை மறிப்பதில் 2 அங்குல ரெஜிபோம் கிட்டத்தட்ட மூன்று அடித் தடிப்பான செங்கல் சுவருக்குச் சமம். கம்பனி சொல்வதில் இந்தப் பகுதி பொய் இல்லை. ஆனால் அவர்கள் மன்னாருக்கு ஒரு வீடு, மஸ்கெலியாவுக்கு ஒரு வீடு என்று செய்வதில்லை. இரண்டுக்கும் ஒரே படம்தான்.

மன்னாரில் எதிரி கூரை. வருடா வருடம் ஏப்ரல் 5-இல் இருந்து 15 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்களில் மத்தியானம் 400 சதுர அடிப் பழைய தகரக் கூரை 60 பாகைக்கு மேல் சுடும். சீலிங் இல்லாவிட்டால், நான் போட்டுப் பார்த்த கணக்கில் ஏறத்தாழ 6 கிலோவொட் வெப்பம் உள்ளே இறங்குகிறது. ஆறு அயன் பெட்டிகளைச் சூடாக்கி முகட்டில் கவிழ்த்துத் தொங்கவிட்ட மாதிரி. அதே கூரைக்கு 3 அங்குலப் பெனல் போட்டால் 600 வொட்டுக்குள் வந்துவிடும். மேல் தகடு வெள்ளை என்றால் அதிலும் பாதிக்குக் கீழே. அங்கே மின்விசிறியே போதும், ஏசி தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் ஒருநாள் நண்பகலில் ஒருகொடவத்தைப் பக்கம் போய், யாரையாவது தெரிந்தவரைப் பிடித்து, யார்டில் நிற்கும் வெற்றுக் கொள்கலனுக்குள் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வெப்பக் காப்பு இல்லாத இரும்புப் பெட்டியை வீடு என்று விற்பவரோடு அதற்குப் பிறகு நீங்கள் பேசமாட்டீர்கள்.

உங்கள் தோட்டத்தில் கதை தலைகீழ். சனவரி இரவில் 12, 13 பாகைக்கு இறங்கும் இடம். அங்கே சூடு எங்கிருந்து வரும்? ஹீட்டர் யாரும் போடப் போவதில்லை. படுத்திருக்கும் ஆட்களில் இருந்துதான் வரும். ஓர் ஆள் சும்மா படுத்திருந்தாலே 80 வொட் அளவு வெப்பம் வெளியேறுகிறது. ஐந்து பேர் என்றால் 400 வொட், விடியும் வரைக்கும் இலவசம். பழைய லயக் காம்பராவில் தகரக் கூரை, கல்லுச் சுவர், கதவிடுக்கு, கூரையிடுக்கு எல்லாம் அந்த 400 வொட்டை வழித்துக்கொண்டு போய்விடும். வெளியே இருப்பதைவிட ஒரு பாகை கூட மிஞ்சாது. சுவரும் கூரையும் நல்ல பெனல், இடுக்குகள் ஒழுங்காக மூடியிருக்கிறது என்றால் அதே ஐந்து பேர் அறையை நாலு, ஐந்து பாகை உயர்த்திவிடுவார்கள். குளிருக்குச் சுருண்டு படுக்கும் பிள்ளைக்கும் ஒழுங்காகத் தூங்கும் பிள்ளைக்கும் அந்த ஐந்து பாகைதான் வித்தியாசம். மலையகத்தில் சக்தி சிக்கனம் என்றால் நான் முதலில் இதைத்தான் எண்ணுவேன், சோலரை அல்ல.

ஆனால் இதற்கு ஒரு கூலி உண்டு. அதே ஐந்து பேர் ஓர் இரவில் மூச்சாலும் வேர்வையாலும் ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீரைக் காற்றில் கலக்கிறார்கள். இடுக்கெல்லாம் மூடிய வீட்டில் அது எங்கே போகும்? குளிர்ந்த இடமாகப் பார்த்து ஒட்டும். கொள்கலன் வீடுகளில் இரும்புச் சட்டம் உள்ளேயும் வெளியேயும் ஒரே துண்டாக ஓடும். அந்த இடத்தில் ரெஜிபோம் கிடையாது. விடியற்காலையில் அந்தச் சட்டத்தைத் தொட்டால் ஈரம் கையில் வரும். சீலிங் இல்லாத தகரக் கூரையாக இருந்தால் இன்னும் மோசம். தெளிந்த இரவில் தகரம் வானத்துக்கு வெப்பத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துவிடும். நாலு மணிக்குச் சொட்டத் தொடங்கும். கூரை ஒழுகுது என்று சொல்லி ஆட்கள் ஸ்குரூவுக்கெல்லாம் தார் பூசுவார்கள். ஒழுகுவது மழை இல்லை, அவர்களுடைய மூச்சுத்தான்.

அதனால் வீட்டை இறுக்கி மூடுவதோடு, முகட்டுக்குக் கீழே எதிரெதிராக இரண்டு சின்னக் காற்றுத் துவாரமும் கேளுங்கள். பூச்சி வலை அடித்து, கையால் மூடித் திறக்கக்கூடியதாக. உள்பக்கம் இரும்புச் சட்டம் எங்கும் வெளியே தெரியக்கூடாது. படத்தில் இது தெரியாது. பெனலும் பெனலும் சேரும் இடத்தையும், சுவரும் கூரையும் சேரும் மூலையையும் வெட்டுமுகமாக வரைந்து தாருங்கள் என்று கேட்க வேண்டும். அதை வரைந்து தரத் தெரியாத கம்பனிக்கு அந்த மூட்டைப் பூட்டவும் தெரியாது.

அடுத்தது குசினி. கம்பனிப் படத்தில் ஒரு மூலையில் சின்ன மேசையும் காஸ் அடுப்பும் இருக்கும். உங்கள் தோட்டத்தில் காஸ் எத்தனை வீட்டில் எத்தனை நாள் எரிகிறது? தேயிலை மலையில் வெட்டிப் போட்ட விறகு வாசலில் இருக்கும்போது விறகுதான் எரியும். ரெஜிபோம் 80, 100 பாகையிலேயே இளகத் தொடங்கும். தீப்பிடித்தால் கருகரு என்று புகை. அதற்குப் பக்கத்தில் விறகடுப்பு வைக்கவே கூடாது. குசினியைப் பின்னால் தனியாகச் சீமெந்துக் கல்லில் கட்டுங்கள், புகைக்கூட்டோடு. அந்த வேலையைத் தோட்டத்துப் பாஸே செய்வார். அடுப்புக்கு அனகி போதும். 1980-களில் இலங்கையிலேயே உருவான இரட்டைப்பானை மண் அடுப்பு அது. ஒரே தீயில் சோறும் கறியும் ஏறும், விறகும் கணிசமாகக் குறையும். வீட்டுக்கும் குசினிக்கும் நடுவில் வரும் சுவருக்கு மட்டும் ரெஜிபோமுக்குப் பதிலாக ரொக்வூல் (கல்லை உருக்கி நூலாக்கிய பஞ்சு) பெனல் கேளுங்கள். அது எரியாது. ஆனால் நனைந்தால் கெட்டுவிடும். விளிம்புகளைச் சரியாக மூட வேண்டும்.

காற்றைப் பற்றிப் பேசும்போது, வீடு இலேசு என்பது சுமக்கும் வரைக்கும்தான் லாபம் என்று நினைவில் வையுங்கள். மணிக்கு 144 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றர் கூரையை ஏறத்தாழ 100 கிலோ பாரத்தால் மேலே இழுக்கும். 400 சதுர அடிக் கூரைக்கு அது மூன்றரைத் தொன்னுக்கு மேல். அந்தப் பெனல் கூரையின் சொந்த நிறையோ நாலாயிரம் கிலோவும் இல்லை, நானூறும் இல்லை, அதற்கும் கீழே. அதனால் கூரையில் இருந்து சட்டத்துக்கு, சட்டத்தில் இருந்து அத்திவாரத்துக்கு போல்ட் ஓட வேண்டும். நாலு மூலையில் கல் வைத்து அதன் மேல் வீட்டை இறக்கிவிட்டுப் போகிறோம், அத்திவாரம் தேவையில்லை என்று சொல்பவர்களை நானே கண்டிருக்கிறேன். 1978 நவம்பரில் மட்டக்களப்பில் அடித்த புயலைப் பார்த்த ஆட்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

துருவைப் பற்றி உங்களுக்கு அவ்வளவு கவலை வேண்டாம். நெடுந்தீவுக்கோ அனலைதீவுக்கோ இதே வீட்டைக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். சாதாரண நாகப் (சிங்க்) பூச்சுத் தகட்டில் ஒரு பக்கத்தில் இருக்கும் நாகம் 20 மைக்ரோன் அளவுதான். கடலலை தெறிக்கும் கரையில் அது வருடத்துக்கு நாலு, ஐந்து மைக்ரோன் வீதம் கரையும். ஐந்து வருடத்துக்குள் இரும்பு தெரியத் தொடங்கிவிடும், அதுவும் ஸ்குரூ தலையைச் சுற்றித்தான் முதலில். மலையில் அந்த உப்பு இல்லை. உங்கள் வீட்டில் முதலில் போகப் போவது ஸ்குரூவுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர். அதைப் பழைய சோனகத் தெருவில் கிலோக் கணக்கில் வாங்கலாம். மாற்றுவதற்கு வழி இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. கம்பனியின் சொந்த அச்சில் வார்த்த, வேறு எங்கும் கிடைக்காத பிளாஸ்ரிக் பூட்டுகளால் கூரையைப் பிடித்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்தக் கம்பனி இருக்குமோ தெரியாது, தோட்டத்துப் பாஸ் இருப்பார்.

சோலர் பற்றி இரண்டு வசனம். உங்கள் தோட்டத்துக்கு மின்சாரக் கம்பி வந்திருக்கிறது என்றால் பற்றரியோடு சோலர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். கம்பி வராத இடம் என்றால் மூன்று பல்ப், இரண்டு போன், சின்ன டீவி எல்லாம் சேர்ந்து நாளுக்கு அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். 400 வொட் சோலர் பெனல் ஒன்றும் 12 வோல்ட் 100 அம்பியர் லித்தியம் பற்றரி ஒன்றும் மழைக்காலத்திலும் இழுக்கும், பிரிட்ஜ் வைக்காதவரைக்கும்.

இவ்வளவும் வீட்டைப் பற்றி. நிலத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. எனக்குப் பயம் அங்கேதான். 2014 அக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியாபெத்தையை மறந்திருக்கமாட்டீர்கள். லயத்தோடு சேர்ந்து மலை இறங்கியது. மிஞ்சியவர்களுக்குப் புது வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடம் ஆயிற்று. உங்கள் பன்னிரண்டு குடும்பத்துக்கும் காட்டப்பட்ட காணி எந்தச் சரிவில் இருக்கிறது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கையில் இல்லாமல் ஒரு பெனலுக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம். இலேசான வீடு என்பதால் சரிவிலும் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டின் பாரம் சரிவுக்கு ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக்காக நீங்கள் வெட்டும் மண்ணும், கூரைத் தண்ணீர் போய் இறங்கும் இடமும்தான் மலையை அசைக்கும். பீலி போட்டு, தண்ணீரைக் கானுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும் செலவை வீட்டு விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

அப்புறம் காணி உறுதி. 1992-இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனதில் இருந்து பெரும்பாலான தோட்டங்களில் காணி அரசுடையது, பாவனை கம்பனியுடையது, குடியிருப்பவர்களிடம் ஒரு தாளும் இல்லை. தனி வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் என்று பிரித்துக் கொடுத்தார்கள். உங்கள் ஆட்களுக்கு எத்தனை பேர்ச், எழுத்தில் இருக்கிறதா? இரும்பு வீடு என்றால் அதிகாரி ஒருவர் 'தற்காலிகக் கொட்டகை' என்று பதிவது மிக இலகு. ஒருமுறை அப்படிப் பதிந்தால் நிரந்தர வீட்டுப் பட்டியலில் அவர்களுடைய பெயர் வராமல் போகலாம். கடிதத்தில் 'நிரந்தர வீடு' என்ற சொல் இருக்க வேண்டும். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். சுனாமிக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு என்று போட்ட தகரக் கொட்டில்களில் எத்தனை வருடம் சனம் இருந்தது என்று கிழக்கில் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஆட்கள் இரும்பு வீடு என்றதும் முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2016 அளவில் வடக்குக் கிழக்குக்கு 65,000 பொருத்து வீடு என்று ஒரு திட்டம் வந்தது ஞாபகம் இருக்கும். ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. இந்திய வீட்டுத் திட்டத்திலோ அப்போது ஒரு குடும்பத்தின் கையில் 5.5 இலட்சம் கொடுத்து, 550 சதுர அடிக் கல்வீட்டை அவர்களையே கட்ட வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த விலை வித்தியாசத்தை விடுங்கள். வன்னி வெயிலில் சூடு, அத்திவாரம் போதாது, பின்னுக்கு ஓர் அறை சேர்த்து இறக்க முடியாது, ஊர் மேசனுக்கு ஒரு நாள் கூலி கூட இல்லை என்று பொறியியலாளர்கள் தொடக்கம் ஊர்ச் சனம் வரைக்கும் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் அந்த அளவில் நடக்கவே இல்லை. நான் பொருத்து வீட்டுத் தொழிலில் இருந்தவன், ஆனாலும் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. தகரத்துக்குள் இருந்து வெளியே வந்த சனத்துக்கு மறுபடி இரும்பைக் காட்டினால் என்ன நினைப்பார்கள் என்று ஒருவரும் போய்க் கேட்கவில்லை. கண்டி வட்டப்புலுவையில் 1950-களில் வீட்டுத்திட்டம் வரைந்தபோது கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா முதலில் குடியிருக்கப் போகிற குடும்பங்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்து, உங்களுக்கு எப்படி வீடு வேண்டும் என்று கேட்டார். உங்களிடம் பன்னிரண்டு குடும்பம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

என்னிடம் கேட்டால் நான் செய்யச் சொல்வது இது. அத்திவாரமும் மூன்று அடி உயரம் வரைக்கும் சுவரும் சீமெந்துக் கல், தோட்டத்துப் பாஸ் கையால். தரை ஈரமும் மழைத் தெறிப்பும் கோழியும் சைக்கிளும் இடிப்பது அந்த மூன்று அடியில்தான். கல்லின் சுமையும் பாதிக்குக் கீழே வந்துவிடும். அதற்கு மேல் இலேசு இரும்புச் சட்டம், 2 அங்குலச் சுவர்ப் பெனல், 3 அங்குலக் கூரைப் பெனல். முன்னால் நாலு அடி விறாந்தை. மழையில் கொழுந்துக் கூடையோடு வருகிறவர் நிற்க ஓர் இடம் வேண்டாமா? பின்னால் கல்லில் குசினி. ஒரு பக்கச் சுவர்ப் பெனல்களை மட்டும் வெளியில் இருந்து கழற்றக்கூடிய மாதிரிப் பூட்டச் சொல்லுங்கள், மகனுக்குக் கலியாணம் ஆகும்போது அதைத் தள்ளி வைத்து இன்னொரு அறை எடுக்கலாம். உள்பக்கம் சுவாமிப் படம் மாட்ட ஆணி அடித்தால் ரெஜிபோம் பிடிக்காது, ஆகவே நெஞ்சளவு உயரத்தில் ஒரு மரச் சட்டம் சுற்றி ஓடட்டும். பட்டறையில் இருந்து இதை மறந்துவிட்டு, பிறகு வீடு வீடாகப் போய்ச் சட்டம் அடித்த அனுபவம் எனக்கு உண்டு.

இப்படிச் செய்தால் ஏழு நாளில் முடியாது. ஒரு வீட்டுக்கு அத்திவாரம் தொடங்கி ஐந்து, ஆறு கிழமை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முடியுமுன்னமே அடுத்ததைத் தொடங்கிப் பன்னிரண்டையும் ஓட்டினால் ஆறு மாதத்துக்கு முன்னமே முடியும், மழை இடைஞ்சல் இருந்தாலும். முதல் ஒன்றை மட்டும் கட்டி, ஒரு குடும்பத்தை ஒரு மாதம் இருக்க விட்டுப் பார்த்துவிட்டு மிச்சப் பதினொன்றுக்கும் ஓடர் கொடுங்கள். கம்பனி மொத்தமாக எடுத்தால் விலை குறைப்போம் என்று சொல்லும். பொறுங்கள்.

கம்பனியோடு அடுத்த முறை பேசுவதற்கு முன்னம் ஒரு வேலை. லீவில் தோட்டத்துக்குப் போகும்போது 8 அடிக்கு 4 அடி பிளைவுட் சீற் ஒன்று எடுத்துப் போங்கள். இரண்டு பேர் அதை ஸ்டோரடியில் இருந்து காணி வரைக்கும் தூக்கிப் போகட்டும். எந்த வளைவில் இடிக்கிறது, எந்தப் படியில் சரிக்கிறார்கள், எத்தனை தரம் இறக்கி வைக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். மதகின் அகலத்தையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அந்தத் தாளோடு ஏதாவது ஒரு ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தைக்கு வாருங்கள், பெனலை என்ன அளவில் வெட்டச் சொல்வது என்று இருந்து பேசுவோம்.